ஜூலை மாதத்துத் தண்ணீர்

(மத்திய ஆசியாவின் பனியாறுகள் குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் யாராவது இந்த அரங்கில் இருக்கக்கூடும். பிஷ்கெக் நகரத்து மருத்துவக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் அவ்வளவு பேர் படிக்கிறார்கள். அடுத்த முறை போனில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். அங்கே பழைய தெருக்களில், சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதை 'அரிக்' என்பார்கள். பெரிய ஆழமெல்லாம் கிடையாது, ஒரு தாண்டலில் தாண்டிவிடலாம். நகரத்து மரங்கள் கோடையில் உயிரோடு நிற்பது அந்த வாய்க்காலால்தான். நகரத்துக்குத் தெற்கே சுவர்போல நிற்கும் மலைத்தொடரில் வெண்பனியும் பனிக்கட்டியும் உருகி, அலா-அர்ச்சா என்ற ஆறாக இறங்கி வருகிற தண்ணீர் அது.

மேலே மலை, கீழே வறண்ட சமவெளி, இரண்டுக்கும் நடுவே வாய்க்கால். மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளிலும் ஏறத்தாழ 8 கோடி மக்களின் சோறும் துணியும் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை நம்பியே இருக்கின்றன. அந்த ஏற்பாட்டில் மலை செய்துவந்த வேலை என்ன, பூமி சூடாவதால் அது எப்படிக் கெடுகிறது, கெட்டால் அந்த வேலையை இனி யார் செய்வது என்ற மூன்று கேள்விகளைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் நிலப்படத்தை மனத்தில் விரித்துக்கொள்வோம். கிழக்கே தியான் ஷான் மலைத்தொடர். தெற்கே பாமிர். தியான் ஷானில் பிறக்கும் நாரின் ஆறு, பெர்கானா பள்ளத்தாக்கில் கரா தரியாவோடு கலந்து சிர் தரியா ஆகிறது. பாபர் 1483-இல் பிறந்த அந்திஜான் நகரம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. 1966-இல் லால் பகதூர் சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அன்றிரவே உயிர்நீத்த தாஷ்கண்ட், சிர் தரியாவின் துணையாறான சிர்ச்சிக்கின் கரையில் இருக்கிறது. பாமிரிலிருந்து வருவது அமு தரியா. இரண்டு ஆறுகளும் பாலைவனத்தைக் கடந்து ஆரல் கடலில் போய்ச் சேர்ந்தன. 'சேர்ந்தன' என்று இறந்தகாலத்தில் சொல்கிறேன். காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அமு தரியாவின் கடைமடையில் நுகுஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் நமக்குக் கொட்டுகிற மழை, அந்த ஊருக்கு ஓராண்டுக் கணக்கு. அதுவும் கோடையில் வராது. ஆக, ஜூலையில் பருத்திச் செடி பூத்துக் காய்பிடிக்கும் நேரத்தில், வானத்தை நிமிர்ந்து பார்த்துப் பயனில்லை. மலையைத்தான் பார்க்க வேண்டும்.

மலை தண்ணீரை இரண்டு விதமாகச் சேமிக்கிறது. ஒன்று, ஒவ்வொரு குளிர்காலத்திலும் விழுந்து, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உருகித் தீர்ந்துவிடும் வெண்பனி. இன்னொன்று, உருகாமல் மிஞ்சிய பனி பல பத்தாண்டுகளாகப் படிந்து, இறுகி, கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரும் பனியாறு. ஆண்டு மொத்தக் கணக்கில் இந்த ஆறுகளுக்குப் பெரும்பங்கு தருவது வெண்பனிதான்; பனியாற்றின் பங்கு சிறியது. இதை வைத்துக்கொண்டு, "பனியாறு போனால் என்ன பெரிய நட்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் பார்க்கத் தவறுவது மாதத்தை. ஜூன் முடிவதற்குள் வெண்பனி தீர்ந்துவிடும். வெயில் உச்சிக்கு ஏறும் ஜூலை, ஆகஸ்டில், மலையோர ஓடைகளில் தண்ணீர் இருக்கிறதென்றால் அதில் பனியாற்றின் பங்கு பெரியது. இன்னொன்றும் உண்டு. ஓராண்டு பனிப்பொழிவு பொய்த்து, வானம் மேகமில்லாமல் காய்ந்தால், அந்த ஆண்டுதான் பனியாறு கூடுதலாக உருகும். நனைந்த ஆண்டில் வாங்கி வைக்கும், காய்ந்த ஆண்டில் எடுத்துக் கொடுக்கும். தண்ணீரின் அளவைவிட, அது வந்துசேரும் நேரத்தைத்தான் பனியாறு காத்துக்கொடுக்கிறது. கோடை மழை இல்லாத தேசத்தில் நேரம்தான் எல்லாம்.

இந்தச் சேமிப்பு குறைகிறது என்பது எப்படித் தெரியும்? கஜக்ஸ்தானில், அல்மாட்டி நகரத்துக்கு மேலே துயுக்சு என்ற பனியாறு இருக்கிறது. 1957 முதல் அதன் வரவு செலவை அளந்து வருகிறார்கள். உலகில் நெடுங்காலம் இடைவிடாமல் அளக்கப்பட்ட பனியாறுகளில் அது ஒன்று. அளக்கும் முறை ரொம்ப எளிமையானது. பனிக்கட்டியில் துளைபோட்டு நீளமான கழிகளை இறக்கி வைப்பார்கள். கோடை முடிந்ததும் போய், கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று டேப் வைத்து அளப்பார்கள். கூடுதலாக இரண்டு மீட்டர் தெரிந்தால், அந்த இடத்தில் இரண்டு மீட்டர் கட்டி போய்விட்டது என்று பொருள்.

இது செலவுக் கணக்கு. வரவுக் கணக்குக்கு, குளிர்காலம் முடிந்ததும் மேலே ஏறி, மண்வெட்டியால் பனியில் ஆள் ஆழத்துக்கோ அதற்கும் மேலோ குழி தோண்டுவார்கள். சுவரைச் செதுக்கினால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். கீழே போகப் போக ஒரு இடத்தில் அழுக்குக் கோடு ஒன்று தென்படும். அது போன கோடையின் தூசி. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் இந்த ஆண்டு வரவு. ஒரு குழாயைச் செருகிப் பனியை எடுத்து, தராசில் நிறுத்து, எவ்வளவு தண்ணீருக்குச் சமம் என்று எழுதிக்கொள்வார்கள். துயுக்சுவில் பெரும்பாலான ஆண்டுகளில் செலவுதான் மிஞ்சியிருக்கிறது. 1957-இல் ஆய்வு நிலையத்தைக் கட்டியபோது பனியாற்றின் முனை பக்கத்தில்தான் இருந்தது. இன்று பனிக்கட்டியைத் தொடுவதற்குப் பாறைக் குவியல்களின்மேல் நெடுந்தூரம் ஏறிப்போக வேண்டும்.

இப்படிக் கையால் அளந்த கணக்குகளையும் செயற்கைக்கோள் கணக்குகளையும் சேர்த்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1961-க்கும் 2012-க்கும் இடையில் தியான் ஷான் பனியாறுகள் தங்கள் நிறையில் ஏறத்தாழ 27 சதவீதத்தையும் பரப்பில் 18 சதவீதத்தையும் இழந்துவிட்டன என்று அது சொன்னது. பரப்பைவிட நிறை வேகமாகக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலை வெள்ளையாகவே தெரியும். உள்ளே மெலிந்துபோயிருக்கும்.

ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வெப்பம் கூடுவதால் இவ்வளவு நடக்குமா என்று கேட்கலாம். தியான் ஷானின் உட்பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே பனிப்பொழிவின் பெரும்பகுதி வசந்தத்திலும் கோடையிலும்தான் விழும். கோடை நடுவே விழும் புதுப்பனி, பனியாற்றுக்கு வரவு மட்டுமல்ல, அதுவே காவலும் கூட. புதுப்பனி தன்மேல் படும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பழைய பனிக்கட்டியோ அதில் பாதியைக்கூடத் திருப்பாது. வெயிலை உள்ளே வாங்கிக்கொள்ளும். காற்று கொஞ்சம் சூடானால் அந்தக் கோடைப்பனி மழையாக விழுகிறது. வரவும் போயிற்று, மூடியிருந்த வெள்ளையும் போயிற்று. ஒரே மாற்றத்தில் இரட்டை அடி.

வெண்பனிக்கு நேர்வது வேறு விதம். மலையின் கீழ்ச்சரிவுகளில் பனிக்குப் பதில் மழை. விழுந்த பனியும் முன்கூட்டியே உருகுகிறது. உருகின தண்ணீர், வயல் தயாராவதற்கு முன்பே ஆற்றில் வந்து போய்விடுகிறது. ஆண்டு மொத்தம் குறையாமலேயே பஞ்சம் வரக்கூடிய வழி இது.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். உலகமெங்கும் பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருந்தபோது, பாமிரின் ஒரு பகுதியிலும் காரகோரத்திலும் பல பனியாறுகள் அசையாமல் நின்றன, சில வளரவும் செய்தன. துருவப் பகுதிகளுக்கு வெளியே மிக நீளமானவற்றில் ஒன்றான, 77 கிலோமீட்டர் நீளமுள்ள பெத்சென்கோ பனியாறு பாமிரில்தான் இருக்கிறது. தஜிகிஸ்தான் 2023-இல் அதற்கு வஞ்ச்-யாக் என்று பெயர் மாற்றியது. பாமிரை நம்பலாம் என்றிருந்த நேரத்தில், வடமேற்குப் பாமிரில் கிசில்சு என்ற பனியாற்றை ஆராய்ந்தவர்கள், 2018-ஐ ஒட்டிப் பனிப்பொழிவு குறைந்து அதுவும் தேயத் தொடங்கிவிட்டது என்று 2025-இல் அறிவித்தார்கள். கடைசியாக நின்ற தூணும் ஆட்டம் காண்கிறது.

இனி இந்த விஷயத்தில் ஆளை ஏமாற்றுகிற பகுதிக்கு வருகிறேன். பனியாறு தேயும்போது ஆற்றில் தண்ணீர் குறையாது; கூடும். கொஞ்ச காலத்துக்கு. பனிக்கட்டி மேலும் மேலும் உருகுவதால் கோடை ஓட்டம் ஏறிக்கொண்டே போய், ஓர் உச்சத்தைத் தொடும். பிறகு உருகுவதற்குக் கட்டி போதாமல் இறங்கும். பழைய அளவுக்கும் கீழே இறங்கும். சிறிய பனியாறுகள் உள்ள ஓடைகளில் பல இடங்களில் அந்த உச்சம் கடந்துவிட்டது. பெரிய பனியாறுகள் உள்ள பாமிர்ப் பக்கத்தில் அது இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவாக்கில் வரலாம் என்பது மதிப்பீடு. வட்டியில் குடும்பம் நடத்தியவர் முதலை எடுத்துத் தின்னத் தொடங்கினால், முதல் சில வருஷம் வீட்டில் விருந்தாகத்தான் இருக்கும். விருந்தைப் பார்த்து வசதி என்று நினைத்துவிடக் கூடாது.

கூடுதலாக உருகுவது ஆபத்தையும் கொண்டுவருகிறது. பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில், தளர்ந்த கற்குவியலே கரையாக ஏரிகள் உருவாகின்றன. கரை உடைந்தால் தண்ணீரும் சேறும் பாறையும் ஒன்றாக இறங்கும். அல்மாட்டிக்கு அருகே 1963 ஜூலையில் இஸ்ஸிக் ஏரி அப்படி ஒரு சேற்று வெள்ளத்தில் அழிந்தது. மக்கள் ஓய்வெடுக்க வரும் ஞாயிற்றுக்கிழமை அது. அல்மாட்டியைக் காக்க, 1966-இல் மலையையே வெடிவைத்துத் தகர்த்து மெதெயு என்ற இடத்தில் அணை எழுப்பினார்கள். 1973-இல் வந்த பெரிய சேற்று வெள்ளத்தை அந்த அணை தடுத்து நகரத்தைக் காப்பாற்றியது. 1998 ஜூலையில் ஷாகிமர்தான் பள்ளத்தாக்கில் காக்க அணை எதுவும் இல்லை. பனியேரி உடைந்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

இப்போது ஆரல் கடல். அது வற்றியதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. 1960-இல் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரலைக் கொன்றவை சோவியத் காலத்துப் பருத்தித் திட்டங்களும் வாய்க்கால்களும்தான். 1954-இல் தோண்டத் தொடங்கிய கராகும் கால்வாய் ஒன்றே 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, அமு தரியாவைப் பாலைவன மணலில் திருப்பிவிட்டது. அந்த மணல் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. மனிதன் செய்ததை வானிலைமேல் போட்டுத் தப்பிக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே கடைசிச் சொட்டுவரை பங்குபோட்டுவிட்ட ஆற்றின்மேல்தான் இப்போது வெப்பமும் கைவைக்கிறது. அதுதான் இங்கே நிலைமையை மோசமாக்குகிறது.

மலை செய்துவந்த சேமிப்பு வேலையை அணைகள் செய்துவிடாதா? செய்யலாம். நாரின் ஆற்றின் குறுக்கே, 1970-களில் கிர்கிஸ்தானில் எழும்பிய தோக்தோகுல் அணையைப் பாருங்கள். கொள்ளளவு 19.5 கன கிலோமீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 690 டி.எம்.சி. மேட்டூர் அணை போல ஏழு அணைகளுக்கும் மேல். சோவியத் நாளில் கணக்கு சுலபம். கிர்கிஸ்தான் கோடையில் தண்ணீர் திறந்துவிட வேண்டும்; கீழே உஸ்பெகிஸ்தானிலும் கஜக்ஸ்தானிலும் வயல் நனையும். பதிலுக்கு அவர்கள் குளிர்காலத்துக்கு எரிவாயுவும் நிலக்கரியும் அனுப்புவார்கள். மாஸ்கோ உத்தரவு போட்டது, நடந்தது.

1991-இல் மாஸ்கோ விலகிக்கொண்டது. எரிவாயு சந்தை விலைக்குப் போனது. கிர்கிஸ்தானில் எண்ணெயோ எரிவாயுவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் மக்கள் வீட்டைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். கோடையில் தேக்கி, குளிர்காலத்தில் திறந்து மின்சாரம் எடுத்தார்கள். கீழே என்ன ஆயிற்று? பயிருக்கு வேண்டிய ஜூலையில் தண்ணீர் இல்லை. யாருக்கும் வேண்டாத ஜனவரியில், உறைந்து கிடக்கும் ஆற்றில் வெள்ளம். கஜக்ஸ்தான் அந்தக் குளிர்கால வெள்ளத்தைப் பிடித்துவைக்கவே கோக்சராய் என்ற நீர்த்தேக்கத்தைத் தனியாகக் கட்ட வேண்டிவந்தது. நம் பக்கத்து நதிநீர் வழக்குகளில் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே பருவத்துத் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். அங்கே வழக்கு மாதத்தைப் பற்றியது.

நான் சொல்ல வந்தது இதுதான். பனியாறு யாருடைய அனுமதியும் கேட்காமல், எந்த நாட்டுக்கும் சாயாமல், தண்ணீரைக் கோடைவரை வைத்திருந்து கொடுத்தது. அணைக்கு உரிமையாளர் உண்டு. அவருக்குத் தேவைகள் உண்டு. இயற்கை இலவசமாகப் பார்த்த வேலை, இனி அரசுகள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய வேலையாகிவிட்டது. வறண்ட நாட்டில் பனி உருகுவதன் முதல் விளைவு அரசியல் விளைவுதான்.

பேசி முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லையில், மலையிலிருந்து இறங்கும் இஸ்பாரா ஆற்றில் தண்ணீரைப் பிரித்துவிடும் தலைமதகு ஒன்று இருக்கிறது. 2021 ஏப்ரலில் அங்கே ஒரு கம்பத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டியதில் தகராறு தொடங்கியது. முதலில் கல்வீச்சு, பிறகு துப்பாக்கி. சில நாள்களில் ஐம்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த ஊர்களில் 'மிராப்' என்ற பொறுப்பு பழங்காலம் தொட்டு உண்டு. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுபவர் அவர். ஒரு வாய்க்காலுக்கு ஒரு மிராப் போதும். ஒரே வாய்க்கால் இரண்டு நாடுகளுக்குச் சொந்தமானபோது, அவருடைய சொல் எல்லையில் நின்றுவிட்டது. இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட 2025 மார்ச் வரை ஆயிற்று.

இன்னொரு புதுப் பங்காளியும் வந்திருக்கிறார். அமு தரியாவின் தென்கரையில் இருக்கும் ஆப்கானிஸ்தான், 2022 முதல் கோஷ் தேபா என்ற கால்வாயைத் தோண்டி வருகிறது. 285 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 100 மீட்டர் அகலம். பஞ்சமும் போரும் கண்ட அந்த மக்களுக்குத் தண்ணீர் கேட்க உரிமை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நாடுகளும் 1992-இல் அல்மாட்டியில் செய்துகொண்ட நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தானுக்கு இடமே இல்லை. சோவியத் காலத்துப் பங்கீட்டையே தொடர்வதாக எழுதிய தாள் அது. பனி குறையும், பங்காளி கூடும் என்று அதை எழுதியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

செய்யக்கூடியது என்ன? சின்னதிலிருந்து தொடங்குகிறேன். லடாக்கில் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் ஓடைநீரைக் குளிர்காலத்தில் தடுத்து உறையவைத்துச் செயற்கைப் பனித்தேக்கங்கள் அமைத்தார். சோனம் வாங்சுக் அதையே குழாய் வழியாகப் பீய்ச்சிக் கூம்பாக உறையவைக்கும் 'பனி ஸ்தூபி'யாக மாற்றினார். இப்போது கிர்கிஸ்தானின் தெற்கே பத்கென் பகுதியில் கால்நடை வளர்ப்போர் இந்தக் கூம்புகளைக் கட்டி, மே, ஜூனில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் காட்டுகிறார்கள். நல்ல வேலைதான். ஒரு கிராமத்தின் மந்தையைக் காக்கும். சிர் தரியாவைக் காக்காது.

இரண்டாவது, அளவீடு. பாமிர்-அலாய் தொடரில் அப்ரமோவ் பனியாற்றை 1967 முதல் அளந்து வந்தார்கள். 1999-இல் ஆயுதக் குழுவினர் அந்த நிலையத்தை அழித்தார்கள்; அளவீடு நின்றது. 2011-இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். சோவியத் உடைந்தபின் பல பனியாறுகளின் கணக்கு இப்படித்தான் அறுந்தது. தேய்மானம் வேகமெடுத்த காலமும் அதுவேதான். கழியை நட்டு அளப்பவருக்குச் சம்பளம் கொடுக்காத அரசு, தன் கையிருப்பு தெரியாமல் பங்கு பேசப் போகிற அரசு.

மூன்றாவது, விரயம். உஸ்பெகிஸ்தான் எடுக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 90 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. அதில் கணிசமான பங்கு வயலுக்குப் போகுமுன்பே மண்வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. வாய்க்காலுக்குத் தளம் போடுவதும் சொட்டுநீர்ப் பாசனமும், எந்த அணையையும்விட மலிவாகத் தண்ணீர் 'உற்பத்தி' செய்யும்.

நான்காவது, உடன்பாடு. இதில் நம்பிக்கை தரும் செய்திகள் இல்லாமல் இல்லை. கஜக்ஸ்தான் 2005-இல் கோக்-ஆரல் என்ற அணையைக் கட்டி, ஆரலின் வடபகுதியை மட்டும் பிரித்துக் காத்தது. நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. நாரின் ஆற்றில் கம்பராத்தா-1 என்ற நீர்மின் நிலையத்தைச் சேர்ந்தே கட்டுவதென்று கிர்கிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் கஜக்ஸ்தானும் 2023-இல் முடிவெடுத்தன. மேலே அணை கட்டினால் போர் மூளும் என்று மிரட்டல் விட்ட காலத்தை நினைவில் வைத்துப் பார்த்தால், கீழே இருப்பவரே பங்குபோட்டு மேலே அணை கட்ட முன்வருவது பெரிய திருப்பம். செலவில் பங்கு எடுத்தவருக்கு, மதகு எந்த மாதம் திறக்க வேண்டும் என்று சொல்லவும் உரிமை வருகிறது. ஐ.நா. சபை தஜிகிஸ்தானின் முன்மொழிவை ஏற்று 2025-ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்தது, மார்ச் 21-ஐப் பனியாறுகள் நாளாக்கியது. விழா எடுப்பதால் பனி உறையாது என்றாலும், தலைநகரங்கள் ஒரே மேசைக்கு வர அது ஒரு காரணமாயிற்று.

இந்த நூற்றாண்டின் இறுதியில் மலையில் எவ்வளவு பனிக்கட்டி மிஞ்சும் என்பதை மத்திய ஆசியா மட்டும் தீர்மானிக்க முடியாது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கும் உலகம் முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அதில் நாமும் உண்டு. ஆனால் மிஞ்சுவதை எப்படிப் பங்கிடுவது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. பெரிய பனியாறுகள் உள்ள ஆறுகளில் இன்று ஓடும் தண்ணீரில் ஒரு பகுதி, திரும்பி வராத உபரி. உபரி இருக்கும்போது விட்டுக்கொடுப்பது சுலபம். உச்சம் கடந்து ஓட்டம் இறங்கத் தொடங்கியபின் உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் இழப்பைப் பங்குபோட வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுவார்த்தையில் யாரும் எளிதில் கையெழுத்துப் போடமாட்டார்கள். எனவே ஆப்கானிஸ்தானையும் சேர்த்து, ஆண்டு மொத்தத்துக்குப் பதிலாக மாதவாரியாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் அந்த ஆறுகளுக்கு வேண்டும். தண்ணீர் கூடுதலாகத் தெரியும் இந்தச் சில பத்தாண்டுகளுக்குள் அதை எழுதி முடித்தாக வேண்டும்.